பூனையின் சீற்றம்: அறிவியல் கண்டறிந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முதல் நாள் மாலை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். ஒரே ஈற்றில் பிறந்தவை. ஒன்று கடுவன், மற்றொன்று பெட்டை. நான்கு ஆண்டுகளாக ஒரே தட்டில் உண்டு, ஒரே சாக்கின் மேல் ஒன்றன் வயிற்றில் மற்றொன்று தலை வைத்து உறங்கியவை. அன்று கடுவன் ஜன்னல் திண்டில் அமர்ந்து தெருவைப் பார்த்துக் கொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே சிறுவர்கள் ஒரு பெரிய வெடியைக் கொளுத்தினர். வெடித்த மறுகணம் கடுவன் திண்டிலிருந்து குதித்தது. அடுக்களையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பெட்டையின் மேல் பாய்ந்து கடித்துக் குதறியது. மயிர் பறந்தது. பெட்டை பரண்மேல் ஏறி ஒளிந்து கொண்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒன்றையொன்று கண்டாலே சீறல், உறுமல். என் தாயார் சொன்னார்: “இது பழைய பூனை இல்லைடா தம்பி. இதற்கு என்னமோ பிடித்துவிட்டது. சாக்கில் போட்டுக் கட்டி, சந்தைப்பேட்டையில் விட்டுவிட்டு வா.”

வாசகர்களே! உங்களில் பலரும் இத்தகைய காட்சியைக் கண்டிருக்கலாம்; இத்தகைய தீர்ப்பையும் கேட்டிருக்கலாம். நேற்றுவரை தோழமையாய் இருந்த பிராணி இன்று ஏன் பகையாகிறது? அதற்கு உண்மையிலேயே புத்தி பேதலித்து விட்டதா? நான் இயற்பியல் கற்பிப்பவன். பூனைகளைப் பற்றிப் படித்தவன் அல்லன். ஆயினும் சாக்கை எடுப்பதற்கு முன் நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எண்ணினேன். அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எக்ஸ் கதிரும் இரைப்பையும்

பூனையின் சினத்தை அறிவியல் நோக்கில் எழுதியவர்களுள் முன்னோடி சார்லஸ் டார்வின். 1872இல் அவர் வெளியிட்ட, மனிதரும் விலங்குகளும் தம் உணர்ச்சிகளை வெளிப்படுத்துவதைப் பற்றிய நூலில் பூனையின் படங்கள் இடம்பெற்றன. சினந்த பூனை உடலைத் தாழ்த்திப் பதுங்கும். நாயைக் கண்டு அஞ்சிய பூனையோ முதுகை வில்லாக வளைத்து, மயிரைச் சிலிர்த்துக் கொண்டு நிற்கும். இந்த வேறுபாட்டை அவர் கவனித்து எழுதினார். ஆனால் அவர் கண்டது வெளித்தோற்றம். உடலுக்குள் நடப்பதை அறிய வேறொரு துறையின் உதவி வேண்டியிருந்தது. அந்தத் துறை, நான் பெருமையுடன் சொல்லலாம், இயற்பியல்!

1895ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வால்ட்டர் கேனன் என்னும் முதலாண்டு மாணவர் அக்கதிர்களைக் கொண்டு விலங்குகளின் செரிமானத்தை ஆராயத் தொடங்கினார். பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்து, கதிர்களின் முன் வைத்தார். பிஸ்மத் கதிர்களைத் தடுப்பதால் இரைப்பையின் வடிவம் திரையில் நிழலாகத் தெரிந்தது. இரைப்பையின் சுவரில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை அவர் கண்டார்.

ஆனால் சில வேளைகளில் அலைகள் சட்டென்று நின்றுவிட்டன. கருவியில் கோளாறா? இல்லை. பூனை அமைதியிழந்து திமிறும் போதெல்லாம் அலைகள் நின்றன. அது அமைதியானதும் மீண்டும் தொடங்கின. வேறொருவராக இருந்தால் இதை ஒரு தொல்லையாக எண்ணி ஒதுக்கியிருப்பார். கேனன் ஒதுக்கவில்லை. சினமும் அச்சமும் வயிறு வரை எட்டுகின்றன என்றால், அவை வேறு எங்கெல்லாம் எட்டுகின்றன என்று கேட்டார்.

1911இல் கேனனும் அவருடன் பணியாற்றிய டி லா பாஸ் என்பவரும் ஒரு சோதனை செய்தனர். அமைதியாக இருந்த பூனையின் இரத்தத்தைச் சிறிது எடுத்தனர். பின்னர் அதன் முன் ஒரு நாயைக் குரைக்கவிட்டு, மீண்டும் இரத்தம் எடுத்தனர். உயிருடன் சுருங்கி விரிந்து கொண்டிருந்த ஒரு குடல் தசைத் துண்டின் மேல் இவ்விரு இரத்தங்களையும் தனித்தனியே செலுத்திப் பார்த்தனர். அமைதியான பூனையின் இரத்தத்தில் தசை வழக்கம்போல் இயங்கியது. அஞ்சிய பூனையின் இரத்தத்தில் அது தளர்ந்து நின்றது. அட்ரினலின் என்னும் சுரப்பு தசையில் எந்த விளைவை உண்டாக்குமோ அதே விளைவு! சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, அச்சத்தின்போது தன் சாற்றை இரத்தத்தில் கலக்கிறது என்பது இதனால் புலப்பட்டது.

1915இல் தம் ஆய்வுகளைக் கேனன் ஒரு நூலாக வெளியிட்டார். ஆபத்து நேரும்போது இதயம் விரைகிறது, இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது, செரிமானம் நிற்கிறது, உடல் முழுவதும் ஒரு போர்க்களம் போல் ஆயத்தமாகிறது. இது போரிடுவதற்கோ தப்பியோடுவதற்கோ ஆன ஆயத்தம் என்றார் அவர். இவ்வுண்மையின் தொடக்கம், ஓர் இளைஞர் திரையில் பார்த்த பூனையின் வயிறு. கதிர்களின் தீமை அன்று எவருக்கும் நன்கு தெரியாது. அவற்றால் விளைந்த தோல் நோய் பிற்காலத்தில் கேனனையே வருத்தியது.

மூளைக்குள் ஒரு மெல்லிய கம்பி

உடலை ஆயத்தப்படுத்தும் ஆணை எங்கிருந்து வருகிறது? கேனனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிலிப் பார்டு 1928இல் இதற்கு விடை கூறினார். மூளையின் மேற்பகுதி அகற்றப்பட்ட பூனைகள், இலேசாகத் தொட்டாலும் கடுஞ்சினத்தின் அறிகுறிகள் அனைத்தையும் காட்டின. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதாலமஸ் என்னும் சிறு பகுதியின் பின்பாகமும் நீக்கப்பட்டால் அந்தச் சீற்றம் ஒருங்கே தோன்றவில்லை. சினத்தை மூட்டும் பொறி அடியில் இருக்கிறது. அதை அடக்கும் கடிவாளம் மேலே இருக்கிறது என்பது இதன் பொருள்.

ஆயினும் பார்டு கண்ட சீற்றத்துக்குக் குறி இல்லை. அது எவரையும் நோக்கியதன்று. குறியுள்ள சீற்றத்தைக் கண்டவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரப் பேராசிரியர் வால்ட்டர் ருடால்ஃப் ஹெஸ். கண் மருத்துவராகத் தொழிலைத் தொடங்கிப் பின்னர் உடலியலுக்கு வந்தவர் அவர். கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள, நுனி தவிர எஞ்சிய பகுதி காப்பிடப்பட்ட கம்பிகளைப் பூனையின் மூளைக்குள் பொருத்தினார். பூனை விழித்த நிலையில் விருப்பம்போல் நடமாடும்போது, அக்கம்பியில் மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினார்.

கம்பியின் நுனி ஹைப்போதாலமஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் இருந்தபோது நடந்தது வியப்பானது. சாதுவாக இருந்த பூனை மயிரைச் சிலிர்த்தது, காதை மடக்கியது, சீறியது. அருகில் எவரேனும் நெருங்கினால் குறி தவறாமல் பாய்ந்தது. அந்த மனிதர் அதற்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. மின்னோட்டத்தைப் பற்றி அந்தப் பூனைக்கு எதுவும் தெரியாது. உள்ளே மூண்ட சினத்துக்கு வெளியே ஓர் இலக்கு தேவைப்பட்டது. மிக அருகில் இருந்தவர் அந்த இலக்கானார். 1949இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் ஒரு பாதி ஹெஸ்ஸுக்கு வழங்கப்பட்டது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் என் கண்முன் வந்தது. சூரிச்சில் மின்னோட்டம் செய்ததை எங்கள் தெருவில் வெடி செய்திருக்கிறது!

1962இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வாஸ்மன், ஃப்ளின் ஆகிய இருவரும் மேலும் ஒன்றைக் காட்டினர். பூனையின் தாக்குதல் இருவகைப்படும். ஒன்று சீறி, உறுமி, நகத்தை ஓங்கிச் செய்வது. மற்றொன்று ஓசையின்றிப் பதுங்கிச் சென்று கடிப்பது. முன்னது சினம்; பின்னது வேட்டை. மூளையில் அவை எழும் இடங்களும் வேறு வேறு. எனவே எலி பிடிப்பதில் வல்ல பூனைதான் தன் தோழனையும் தாக்கும் என்று நாம் எண்ணுவது சரியன்று.

எய்தவன் ஒருவன், அடிபட்டவன் வேறொருவன்

ஆய்வுக்கூடத்தில் கண்டது வெட்டவெளியிலும் நடக்கிறதா? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நிக்கோ டின்பெர்கன் என்பவரின் மாணவர் குழு, பறவைகளையும் மீன்களையும் அவை வாழும் முறையிலேயே ஆராய்ந்து வந்தது. எல்லைத் தகராறில் இரண்டு கடற்காக்கைகள் எதிரெதிரே நிற்கும். தாக்கவும் ஆசை, எதிரியிடம் அச்சமும் உண்டு. அப்போது ஒரு பறவை திடீரெனத் தரையைக் கொத்தி, புல்லை வெறியுடன் பிடுங்கும். சில வேளைகளில் அருகே நிற்கும் வேறொரு பறவையைத் துரத்தும்.

1953இல் மார்கரெட் பாஸ்டாக், டெஸ்மண்ட் மாரிஸ், மார்ட்டின் மொய்னிகன் ஆகிய மூவர் இத்தகைய செயல்களை ஆராய்ந்து அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தனர். தமிழில் அதைத் ‘திசைமாறிய செயல்’ எனலாம். சினத்தை மூட்டியவன் எட்டாத இடத்தில் இருக்கிறான் அல்லது அஞ்சத்தக்கவனாக இருக்கிறான்; எனவே அடி வேறொருவன் மேல் விழுகிறது. ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பது நம் பழமொழி. இங்கே நடப்பது அதைவிடவும் விந்தையானது. எய்தவனும் போகட்டும், அம்பும் போகட்டும். வழியில் நின்றவன் அல்லவா நோகிறான்! அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வசை வாங்கி, வீட்டில் குழந்தையை அதட்டும் மனிதரை நாம் அறிவோம். பூனையை மட்டும் குறை கூறுவானேன்?

தண்ணீர்த் தொட்டியா, ஒலிபெருக்கியா?

இனி ஒரு பொதுவான தவறைப் பார்ப்போம். “சண்டை போட்டுத் தீர்த்துக் கொள்ளட்டும், தானே சரியாகிவிடும்” என்று பலர் கூறுவர். இதற்குப் பின்னால் ஓர் உவமை இருக்கிறது. சினம் ஒரு தொட்டியில் நிறையும் தண்ணீர் போன்றது. திறந்துவிட்டால் வடிந்துவிடும் என்பது அந்த எண்ணம். புகழ்பெற்ற ஆய்வாளர் கான்ராட் லோரென்ஸும் 1950இல் விலங்குகளின் உந்துதல்களை விளக்க ஏறக்குறைய இத்தகைய ஒரு தொட்டியைத்தான் வரைந்து காட்டினார். 1960இல் ராபர்ட் ஹைண்ட் இதனை மறுத்து எழுதினார். மூளையில் இத்தகைய தொட்டி எதுவும் இல்லை. ஓர் உவமையை உண்மைப் பொருளாக எண்ணிவிடக்கூடாது என்பது அவர் வாதம்.

வெடி வெடித்து முடிந்தது. பிறகும் பகை நாள்கணக்கில் நீள்வது ஏன்? இதற்கு வேறோர் உவமையை இயற்பியலிலிருந்து தருகிறேன். கூட்டங்களில் மைக்கை ஒலிபெருக்கியின் முன்னால் கொண்டுபோனால் காதைத் துளைக்கும் ஊளை எழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியின் சிற்றொலி மைக்குக்குள் புகுகிறது, பெருகி வெளிவருகிறது, மீண்டும் புகுகிறது, மேலும் பெருகுகிறது. முதலில் எழுந்த சிற்றொலி எது என்பது இப்போது முக்கியமன்று. சுற்று தன்னைத்தானே வளர்த்துக் கொள்கிறது.

இரண்டு பூனைகளின் நிலையும் அதுவே. கடுவன் சீறியது, பெட்டை அஞ்சிப் பதுங்கிப் பதிலுக்குச் சீறியது. அந்தச் சீறலைக் கண்டு கடுவனின் உடல் மீண்டும் ஆயத்தமாயிற்று. இதைக் கண்டு பெட்டை மேலும் அஞ்சியது. ஜெர்மன் ஆய்வாளர் பால் லேஹவுசன் பூனைகளின் முகத்தோற்றங்களையும் உடல்தோற்றங்களையும் வரிசைப்படுத்தி 1956இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஓர் அடிப்படை நூல். தாக்கும் எண்ணமும் அச்சமும் வெவ்வேறு அளவில் கலந்து பல தோற்றங்களை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். நமக்கு ‘கோபம்’ என்று தோன்றுவதில் பெரும்பங்கு அச்சமாகவே இருக்கலாம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சண்டையும் ஒரு பாடமாகிறது. மணியோசையைக் கேட்டு எச்சில் ஊறக் கற்றுக்கொள்ளும் நாயைப் போல, தோழனின் உருவத்தைக் கண்டதும் அஞ்சுவதற்குப் பூனை கற்றுக்கொள்கிறது. எனவே சண்டையிட விடுவது நோயைத் தீர்ப்பதில்லை, வளர்க்கிறது.

ஊளையிடும் மைக்கை என்ன செய்வோம்? ஒலிபெருக்கியை விட்டு அப்பால் கொண்டுபோவோம். பூனைகளுக்கும் முதல் மருந்து அதுதான்: பிரித்து வைத்தல்.

உணவு தீர்த்த அச்சம்

பிரித்தவற்றை மீண்டும் சேர்ப்பது எப்படி? இதற்கு வழிகாட்டிய ஆய்வும் பூனைகளைக் கொண்டே நடந்தது என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலைக் கண்டால் அலறிய ஒரு சிறுவனின் அச்சத்தைப் போக்கினார். அவன் விரும்பிய உணவை உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஜோசப் உல்ப் என்னும் மருத்துவர் இதை முறையாக ஆராய்ந்தார். போரில் மனம் குலைந்த வீரர்களுக்கு அன்றைய மருத்துவம் போதிய பயன் தராததைக் கண்டவர் அவர்.

ஒரு கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள், பின்னர் பசித்தாலும் அக்கூண்டில் உண்ண மறுத்தன. கூண்டு இருந்த அறையிலும், அதை ஒத்த பிற அறைகளிலும்கூட அஞ்சின. உல்ப் அவற்றை முதலில் அந்த அறையைச் சிறிதும் ஒத்திராத இடத்தில் உண்ணச் செய்தார். அங்கே தயக்கமின்றி உண்டபின், சற்றே ஒத்த அறைக்கு மாற்றினார். இவ்வாறு படிப்படியாக முன்னேறி, இறுதியில் அக்கூண்டுக்குள்ளேயே அவை அமைதியாக உண்டன. அச்சமும் உணவின் இன்பமும் ஒரே வேளையில் ஓங்கி நிற்க இயலாது. அச்சம் சிறிதாக இருக்கும்போது உணவு அதை வெல்லும். 1958இல் அவர் இதை நூலாக்கினார். மனிதரின் அச்ச நோய்களுக்கு இன்றும் அளிக்கப்படும் படிப்படியான பயிற்சி முறைகள் இதிலிருந்து கிளைத்தவை.

இந்த அறிவு வீட்டுக்குள் வந்தது அதற்கும் பின்புதான். 1990இல் சாப்மன், வாய்த் என்னும் இரு அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர்கள், 1981 முதல் 1987 வரை தம்மிடம் வந்த 14 பூனைகளைப் பற்றி எழுதினர். அவை தம் சினத்தைத் திசைமாற்றி மனிதரையே தாக்கியவை. சினத்தை மூட்டியவை எவை தெரியுமா? வேறொரு பூனை, கீச்சென்ற ஒலி, வீட்டுக்கு வந்த விருந்தினர், நாய், பழகாத மணம் இவை போன்றவை. 2008இல் ஸ்பெயினின் பார்சிலோனா நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலும் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் காரணம் பேரொலியும் பிற பூனைகளுமே எனத் தெரிந்தது. ஆக, எங்கள் கடுவன் விதிவிலக்கு அன்று. பாடநூலில் இடம்பெறத் தக்க எடுத்துக்காட்டு!

நீங்கள் செய்யத் தக்கவை

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால், முதலில் கையை இடையே நுழைக்காதீர்கள். ஹெஸ்ஸின் பூனையை நினைவில் கொள்ளுங்கள். அடுத்த இலக்கு நீங்களாகலாம். தடித்த போர்வையை மேலே எறிந்தோ, அட்டைப் பலகையை இடையே செருகியோ பிரியுங்கள். அடிக்காதீர்கள், அடி மேலும் ஒரு வெடிதான்.

இரண்டையும் தனித்தனி அறைகளில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர், தனி உணவு, தனி மண் தட்டு வேண்டும். வெளிச்சத்தைக் குறையுங்கள், வெளிப்பூனை வரும் ஜன்னலை மூடுங்கள். தூக்கிக் கொஞ்சி அமைதிப்படுத்த முயலவேண்டாம். அமைதி திரும்பச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாள்களும் ஆகலாம்.

இரண்டும் இயல்பாக உண்டு உறங்கத் தொடங்கியபின், ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போடுங்கள். பூனைக்கு உறவின் அடையாளம் முகத்தைவிட மணமே. பிறகு மூடிய கதவின் இருபுறமும் உணவு வையுங்கள். முதலில் கதவுக்கு எட்ட, பின்னர் கிட்ட. அடுத்து, ஒருவிரல் இடைவெளிக்குக் கதவைத் திறங்கள். எந்தப் படியிலேனும் சீறல் கேட்டால் ஒருபடி பின்வாங்குங்கள். அவசரம்தான் இதில் பெரும்பகை.

வெளிக்காரணம் எதுவும் தெரியாமல் ஒரு பூனை திடீரெனக் கடுமையானால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உடல்வலியும் சில நோய்களும் சினத்தை மூட்டக்கூடும். உங்களுக்குக் கடி பட்டால் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு புண்ணைக் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும்.

எங்கள் வீட்டில் இதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் நான் அவசரப்பட்டுக் கதவைத் திறந்ததால் நான்கு நாள் வீணாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பதாம் நாள் பெட்டை தானாகவே கூடத்துக்கு வந்து, கடுவனுக்கு ஒருமுழம் தள்ளிப் படுத்தது. ஒரு வாரத்தில் அந்த முழமும் மறைந்தது.

இந்த அறிவுக்கு விலை கொடுத்தவை ஆய்வுக்கூடப் பூனைகள். கூண்டிலும் கம்பியிலும் அவை பட்ட துன்பம் சிறிதன்று; அச்சோதனைகளுள் சிலவற்றை இன்றைய விதிகள் அனுமதிக்கமாட்டா. அவற்றிடமிருந்து பெற்றதை நம் வீட்டுப் பூனைகளுக்கேனும் நாம் திருப்பித் தரவேண்டாமா? காரணம் அறியாமல் சாக்கில் கட்டித் தெருவில் விடப்படும் பூனை, வெடியை வைத்தவனுக்கான தண்டனையைத் தான் அனுபவிக்கிறது.

சந்தைப்பேட்டைப் பேச்சு எங்கள் வீட்டில் பிறகு எழவில்லை. இப்போதெல்லாம் தீபாவளி நெருங்கினால், முதல் வெடி கேட்குமுன் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தி, இரண்டு பூனைகளையும் உள்ளறைக்குக் கொண்டுபோய் விடுபவர் என் தாயார்தான்.